எழுந்து நின்று பதில் சொல்லாத கணினி

செவ்வாய்க்கிழமை, காலை

அன்புக்கும் மதிப்புக்கும் உரிய மாப்பிள்ளைக்கு, மாமா எழுதுவது.

இந்த வீட்டில் நாங்கள் மூவர். நானும் உங்கள் அத்தையும் சௌக்கியமாக இருக்கிறோம். மூன்றாவது ஆளான கணினிக்குத்தான் உடம்பு சரியில்லை. அங்கே நீங்களும் என் மகளும், உங்கள் வீட்டிலுள்ள சகல இயந்திரங்களும், காலையில் ஒழுங்காகக் கண் விழிக்கிறீர்கள் என்று நம்பி மேலே தொடர்கிறேன்.

போன் இருக்கும்போது இந்த மனிதர் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது. போன வாரம் உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்து, நடந்ததையெல்லாம் முதலிலிருந்து வரிசையாகச் சொல்லத் தொடங்கினேன். மேசையை எந்தச் சுவரோரம் போட்டிருக்கிறோம் என்பதுவரை வந்திருப்பேன். அதற்குள் நீங்கள், "மாமா, ஒருதடவை ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணிப் பாருங்க, நான் மீட்டிங் போறேன்" என்று வைத்துவிட்டீர்கள். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஆஃப் செய்வதில் எனக்கு எந்தச் சிரமமும் இல்லை, மாப்பிள்ளை. ஆன் ஆகாததுதான் வியாதியே. காய்ச்சலோடு வந்தவனிடம், கொஞ்சநேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்து பாரேன் என்று டாக்டர் சொன்னால் எப்படி இருக்கும்? அதனால்தான் கடிதம். கடிதத்தை நடுவில் வைத்துவிட்டு மீட்டிங் போக முடியாது.

விடையை முதல் வரியில் எழுதிவிட்டுப் பிறகு விளக்கம் எழுது என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். ஆகவே விடை இதோ. வருகிற சனிக்கிழமை பழுது பார்க்கிற அம்மா வீட்டுக்கே வந்து கணினிக்குள் இருக்கிற எல்லாவற்றையும் அழிக்கப் போகிறார். உள்ளே என் புத்தகம் இருக்கிறது. பதினோரு மாதமாக ஒற்றை விரலால் தட்டித் தட்டி நான் எழுதி வைத்த 'வீட்டுப் பொருள்களில் தொண்ணூற்றாறு சோதனைகள்'. உலகத்தில் அதற்கு வேறு பிரதி கிடையாது. திங்கட்கிழமைக்குள் அது பதிப்பகத்துக்குப் போய்ச் சேராவிட்டால் அவர்கள் அதைப் போடப்போவதில்லை. ஆகவே நீங்கள் சனிக்கிழமை காலை அந்த அம்மாவுக்கு முன்னால் இங்கே வந்து நிற்க வேண்டும். விடை முடிந்தது. இனி விளக்கம்.

நோயின் அறிகுறி இப்படி. பொத்தானை அழுத்தியதும் உள்ளே விசிறி சுற்றும் சத்தம் வருகிறது. நல்ல சத்தம்தான், குறை சொல்ல முடியாது. திரையில் கம்பெனிக்காரனின் முத்திரை வந்து நிற்கிறது. நம்பிக்கை பிறக்கிறது. அப்புறம் திரை கறுத்துப்போய், இடது மேல் மூலையில் ஒரு சிறு வெள்ளைக் கோடு மட்டும் தெரிகிறது. விரல் நகத்தில் கால்வாசி இருக்கும். மின்னுகிறது, மறைகிறது, மின்னுகிறது, மறைகிறது. அவ்வளவுதான். வகுப்பில் கேள்வி கேட்டதும் "சார், நான் சொல்றேன் சார்" என்று துள்ளி எழுந்து நின்று, அதற்கப்புறம் ஒரு வார்த்தையும் வராமல் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே நிற்கிற பையனைப் பார்த்திருப்பீர்கள். அதேதான். அவனைத் திட்டினால் அழுவான், திட்டாவிட்டால் மணி அடிக்கிறவரை நிற்பான். முப்பத்து நான்கு வருடம் நான் என்ன செய்தேனோ அதையே செய்தேன். காத்திருந்தேன். முந்தாநாள் ஒரு மணி ஐம்பது நிமிடம் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து காத்திருந்தேன். அந்தக் கோடு நிமிடத்துக்கு ஐம்பத்தெட்டு தடவை சிமிட்டுகிறது என்பது ஒன்றுதான் கண்ட பலன். உங்கள் அத்தை வந்து, "நீங்க அதையே பாத்துட்டு இருந்தா அதுக்கும் கூச்சமா இருக்காதா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

இது எப்போது தொடங்கியது என்பது எனக்குத் துல்லியமாகத் தெரியும். இன்று இருபத்து மூன்றாம் நாள். நீங்களும் மகளும் கடைசியாக வந்திருந்தீர்களே, கிளம்புகிற அன்று நீங்கள் கணினியைப் பார்த்துவிட்டு, "மாமா, இவ்ளோ உழைச்சு எழுதியிருக்கீங்க, எல்லாத்தையும் ஒரே இடத்துல வச்சிருக்கீங்களே, வாரம் ஒருதடவையாவது காப்பி எடுத்து வைங்க" என்று சொல்லி ஒரு புதிய பென் டிரைவ் கொடுத்துவிட்டுப் போனீர்கள். அதற்கு மறுநாள் காலையிலிருந்து. நாளை அடையாளம் காட்டத்தான் சொல்கிறேனே தவிர, குறையாகச் சொல்லவில்லை. நீங்கள் சொன்ன மறுநாளே இப்படி ஆனதில் உங்கள் தொலைநோக்கை நினைத்து நான் வியக்காத நாள் இல்லை.

அன்றிலிருந்து ஒரு குறிப்பேடு போட்டிருக்கிறேன். மூன்று பத்தி. என்ன மாற்றினேன், என்ன கண்டேன், என்ன முடிவு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும், மற்றதெல்லாம் இருந்தபடியே இருக்க வேண்டும், இது என் புத்தகத்தின் முன்னுரையிலேயே இருக்கிறது. குழந்தைகளுக்கு உதாரணமும் கொடுத்திருக்கிறேன்: பால் ஏன் திரிந்தது என்று கண்டுபிடிக்கப் பாத்திரம், பால், அடுப்பு மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் கடைசியில் ஒன்றும் தெரியாது, பசி மட்டும்தான் மிஞ்சும். இந்த முறைப்படி இதுவரை அறுபத்து மூன்று முயற்சி நடந்திருக்கிறது. முதலில் சுவரிலுள்ள பிளக்கை மாற்றினேன். சிமிட்டியது. மேசையை ஜன்னலோரம் போட்டேன். சிமிட்டியது. மவுஸைக் கழற்றினேன், கீபோர்டைக் கழற்றினேன், பிரிண்டரைக் கழற்றினேன், பாட்டுப் பெட்டியைக் கழற்றினேன். வயர் உள்ள எதையும் நான் விடவில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொன்றாக மாட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதியிருக்கிறேன். மின்விசிறி சுற்றும்போது, நிற்கும்போது; கதவு திறந்திருக்கும்போது, மூடியிருக்கும்போது; நான் பேசிக்கொண்டே அழுத்தியபோது, பேசாமல் அழுத்தியபோது. எதற்கும் அந்தக் கோடு அசையவில்லை. மேசைமேல் 'சோதனை நடைபெறுகிறது, யாரும் தொடக் கூடாது' என்று அட்டையும் எழுதி வைத்தேன். வீட்டில் இருப்பது இரண்டே பேர். எழுதினவன் நான். ஆகவே அட்டை யாருக்காக என்பது உங்கள் அத்தைக்குப் புரிந்து, அன்று இரண்டு வேளை பேசவில்லை.

மேல்வீட்டு மோட்டார் மெக்கானிக்கை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கட்டடத்துத் தண்ணீர் மோட்டாரை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். நல்ல மனிதர். நான் கூப்பிடவில்லை, மேசை நகர்ந்த சத்தம் கேட்டு அவராகவே இறங்கி வந்தார். பெட்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்து வந்து, காதை வைத்துக் கேட்டார்.

"வாத்தியாரே, இது சூடு."

"தொட்டுப் பாருங்க, ஜில்லுன்னு இருக்கு. ஆன் ஆகறதுக்கு முன்னாடியே எப்படிச் சூடாகும்?"

"அதைத்தான் சொல்றேன். இது உள்சூடு. வெளியில தெரியாது."

"உள்சூடுன்னா எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?"

"அனுபவம் வாத்தியாரே, அனுபவம். நீங்க எத்தனை மோட்டார் பாத்திருப்பீங்க? நான் எத்தனை பாத்திருப்பேன்?"

 அவருடைய மேசை விசிறியைக் கொண்டுவந்து பெட்டியின் முகத்துக்கு நேரே வைத்து, மூன்று நாள் காற்று வாங்கவைத்தோம். கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்குத்தான் ஜலதோஷம் பிடித்தது. நான்காம் நாள் வந்து, "ஜாம் ஆன மோட்டாரை ஒரு தட்டு தட்டுவோம்" என்றார். நான் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் தட்டியும்விட்டார். கோடு ஒருகணம் வேகமாகச் சிமிட்டியது போல் இருந்தது. குறிப்பேட்டில் எழுதிவிட்டு, பார்ப்பவரின் ஆசையாகவும் இருக்கலாம் என்று பக்கத்தில் சேர்த்தேன். நேர்மை வேண்டும் அல்லவா?

இனிமேல் சொல்வதுதான் என்னைத் தூங்கவிடாத விஷயம். இந்தக் கணினி என்னிடம் மட்டும்தான் இப்படி நடந்துகொள்கிறது.

இரண்டாவது வாரம் ஒரு புதன்கிழமை. மாலை நடையை முடித்துக்கொண்டு வந்து செருப்பைக் கழற்றுகிறேன், உங்கள் அத்தை காய்கறி நறுக்கிக்கொண்டே, "என்னங்க, உங்க கம்ப்யூட்டர் வந்துச்சே" என்றாள். எங்கிருந்து வந்தது என்று எனக்கு முதலில் விளங்கவில்லை.

"வந்துச்சுன்னா?"

"தூசியா இருந்துச்சுன்னு துடைச்சேன். சரி, போட்டுப் பாப்போமேன்னு பொத்தானை அழுத்தினேன். வந்துச்சு. படமெல்லாம் வந்துச்சு. நம்ம பொண்ணு போட்டோகூட வந்துச்சு."

"எங்கே? எங்கே?" என்று ஒரு காலில் செருப்போடு உள்ளே ஓடினேன். திரை இருட்டாக இருந்தது.

"அணைச்சிட்டேன். யாரும் தொடக் கூடாதுன்னு நீங்கதானே எழுதி வச்சிருக்கீங்க?"

அவளைக் குற்றம் சொல்லவும் வழியில்லை. அட்டை என்னுடையது. "நீ எதை மாத்தினே? ஒண்ணு விடாம சொல்லு" என்றேன். "எதையும் மாத்தல. துடைச்சேன், அழுத்தினேன், வந்துச்சு" என்றாள். அப்படியென்றால் துடைத்ததுதான் மாற்றம். அதே துணியை வாங்கி, அதே மாதிரி இடமிருந்து வலமாகத் துடைத்துவிட்டு அழுத்தினேன். சிமிட்டியது. துணியை நனைத்துத் துடைத்தேன், உலர்த்தித் துடைத்தேன். மூன்று நாள் துடைத்தேன். உங்கள் அத்தை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அப்படியே ஜன்னலையும் துடைச்சிடுங்க" என்றாள். ஒரு சாதாரணத் தபால் நிலைய எழுத்தருக்கு எழுந்து வணக்கம் சொல்கிற இயந்திரம், ஓர் அறிவியல் ஆசிரியருக்கு ஏன் சொல்ல மாட்டேன் என்கிறது? (சாதாரண என்ற சொல்லை அவள் பார்க்க மாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

இதை எழுதும்போதே எழுந்து போய் ஒருமுறை அழுத்திவிட்டு வந்தேன். அறுபத்து நான்கு. சிமிட்டுகிறது.

பிறகு பெட்டியைக் கடைக்கே கொண்டுபோனேன். கடைவீதியின் கடைசியில், சாவி செய்கிற கடைக்குப் பக்கத்தில் ஒரு அம்மா கணினி பழுது பார்க்கிறார். முன்பக்கம் முழுக்கத் திறந்து கிடக்கும் பெட்டிகள், நடுவில் அவர், காதுக்குப் பின்னால் ஒரு ஸ்க்ரூ டிரைவர். வாடகை வண்டியில் பெட்டியை மடியில் வைத்து, அதற்கும் சேர்த்து பெல்ட் போட்டு, தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிப் போவது போலப் போனேன். அந்த அம்மா தன் திரையில் மாட்டினார், பொத்தானை அழுத்தினார். இருபத்திரண்டு விநாடி. வந்துவிட்டது! என் மகளின் படம், அதன்மேல் வரிசையாக என் சோதனைகள், ஒன்று முதல் தொண்ணூற்றாறு வரை.

"சார், இதுக்கு ஒண்ணும் இல்லையே?"

"அம்மா, அது உங்க முன்னாடி நடிக்குது. இன்னொரு தடவை போடுங்க."

போட்டார். வந்தது. இன்னொரு தடவை என்றேன். ஏழு தடவை போட்டார், ஏழு தடவையும் வந்தது. ஆய்வாளர் வருகிற அன்றைக்கு மட்டும் கடைசி பெஞ்சு கூட வாய்ப்பாடு ஒப்பிக்குமே, அப்படி ஒப்பித்தது.

"பென் டிரைவ் வச்சிருக்கீங்களா சார்? இப்பவே ஒரு காப்பி எடுத்துக்கலாம்" என்றார். அங்கேதான், மாப்பிள்ளை, நான் ஒரு ஒப்புதல் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். நீங்கள் கொடுத்த பென் டிரைவை நான் வீட்டில் இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருந்தேன். அசலையும் நகலையும் ஒரே வண்டியில் ஏற்றக் கூடாது, வழியில் ஏதாவது ஆனால் இரண்டும் போய்விடும் என்பது என் முன்யோசனை. நகல் என்று ஒன்று இன்னும் எடுக்கவே இல்லை என்பது பாதி வழியில்தான் நினைவு வந்தது. "சரி, என்கிட்ட ஒண்ணு இருக்கு, அதுல போட்டுத் தரேன்" என்று அந்த அம்மா சொன்னார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏழாம் சோதனையில் ஒரு சொல் திருத்த வேண்டியிருந்தது. திருத்தாத பிரதியை எப்படி வெளியே விடுவது? வீட்டுக்குப் போய் அந்த ஒரு சொல்லைத் திருத்திவிட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று பெட்டியை மறுபடி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் எல்லாவற்றையும் ஒழுங்காக மாட்டினேன். தேர்வு நாளில் மணி அடிக்கும் முன்பே பேனா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார வேண்டும் என்று நான் சொல்வது வழக்கம். அந்தப் பழக்கத்தில், எப்போதும் செய்வது போல, முதலில் பென் டிரைவைப் பெட்டியின் பின்பக்கம் செருகி வைத்தேன். கணினி விழித்த அந்தக் கணமே நகல் எடுத்துவிட வேண்டும் அல்லவா? இந்த இருபத்து மூன்று நாளில் ஒருமுறைகூட அதைச் செருக நான் மறந்ததில்லை. இதில் என் கவனக்குறைவு ஒன்றும் இல்லை என்பதற்காகத்தான் சொல்கிறேன். செருகினேன், பொத்தானை அழுத்தினேன். விசிறி, முத்திரை, இருட்டு, கோடு. சிமிட்டியது. கடையில் இருபத்திரண்டு விநாடியில் எழுந்தது, என் மேசைக்கு வந்ததும் மறுபடி பேச்சு மூச்சில்லை.

அந்த ஏழாம் சோதனை என்ன என்று கேட்பீர்கள். டம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்து, அட்டையால் மூடித் தலைகீழாகக் கவிழ்த்தால் தண்ணீர் கொட்டாது, காற்றின் அழுத்தம் தாங்கிக்கொள்ளும். சின்ன விஷயம். ஆனால் சொல் சின்ன விஷயம் இல்லை. டம்ளர் என்று எழுதினால் குழந்தை எவர்சில்வர் டம்ளரை எடுத்துவிடும், உள்ளே தண்ணீர் நிற்பது தெரியாது. கண்ணாடிக் குவளை என்றால் கை தவறி உடையும், பெற்றோர் என்னைத் திட்டுவார்கள். கோப்பை என்றால் ஓட்டப் பந்தயத்தில் வாங்கியது என்று நினைத்து அலமாரியைத் திறக்கும். நான்கு தடவை மாற்றிவிட்டேன், இப்போது உள்ளே எந்தச் சொல் இருக்கிறது என்பதே எனக்கு நிச்சயமாக நினைவில்லை. இந்த நிலையில் கணினியும் திறக்கவில்லை என்றால் மனிதன் எப்படி ஓரிடத்தில் உட்காருவான்? சாப்பிட உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன். நடக்கப் போனால் பாதியில் திரும்பிவிடுகிறேன். போன வியாழக்கிழமை ஒருநாள்தான் உங்கள் அத்தை, "இன்னிக்கு முழு நடை நடந்துட்டு வந்தாத்தான் உள்ளே விடுவேன்" என்று கண்டிப்பாகச் சொன்னதால் ஏரிக்கரையை இரண்டு சுற்று சுற்றிவிட்டு வந்தேன்.

பதிப்பகத்து ஆசிரியர் போன செவ்வாய்க்கிழமை போன் செய்தார். மரியாதையான மனிதர், ஆனால் அன்று குரல் வேறு மாதிரி இருந்தது.

"சார், மூணு தடவை தேதி மாத்திட்டோம்."

"மூணுக்கும் காரணம் இருந்துச்சே, தம்பி. முதல் தடவை முப்பதாவது சோதனைப் படத்துல ஓவியர் கைக்கு ஆறு விரல் போட்டிருந்தார். ரெண்டாவது தடவை தொண்ணூத்தாறையும் நானே ஒருதடவை செஞ்சு பாத்தேன். மூணாவது..."

"டம்ளர். தெரியும் சார். வர்ற திங்கள் விட்டு அடுத்த திங்கக்கிழமைக்குள்ள வரலைன்னா அந்த இடத்துல ஒரு சமையல் புத்தகம் போட்டுடுவோம் சார். அது ரெடியா இருக்கு."

சமையல் புத்தகத்தில் அதை எழுதிய அம்மாள் எதில் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருப்பார் என்று கேட்க நினைத்தேன், வைத்துவிட்டார்.

நேற்று வேறு வழி தெரியாமல் பழுது பார்க்கும் அம்மாவுக்குப் போன் செய்து, அவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். "எல்லாம் கழட்டிப் பாத்துட்டீங்களா சார்?" "வயர் ஒண்ணு விடாம." "எல்லாமே பாத்தாச்சுன்னா, உள்ள இருக்கிறதை எல்லாம் அழிச்சுட்டுப் புதுசா போட்டாத்தான் சரியாகும் சார். சனிக்கிழமை வீட்டுக்கே வரேன்" என்றார். அழிப்பது எனக்குப் புதிதில்லை, மாப்பிள்ளை. தினமும் கரும்பலகை அழித்தவன் நான். ஆனால் "எழுதியாச்சா? எல்லாரும் எழுதியாச்சா? ஜன்னலோரம் எழுதியாச்சா?" என்று மூன்று தடவை கேட்ட பிறகுதான் டஸ்டரைக் கையில் எடுப்பேன். இங்கே ஒருவரும் எழுதிக்கொள்ளவில்லையே! எழுதினவனுக்கே நினைவில்லையே! ராத்திரி படுத்தால் தொண்ணூற்றாறும் வரிசையில் நின்று, சார், நாங்க எங்க போறது என்று கேட்பது போல் இருக்கிறது.

ஆகவே சனிக்கிழமை முதல் வண்டியில் வந்துவிடுங்கள். விடுப்பு கிடைக்காது என்றால் இந்தக் கடிதத்தையே உங்கள் மேலதிகாரியிடம் காட்டுங்கள், எழுத்துப் பிழை இருக்காது. வந்ததும் உங்களுக்கு முன்னால் நான் எதையும் தொட மாட்டேன் என்று வாக்குத் தருகிறேன். ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்: எல்லாரிடமும் எழுந்திருக்கிற இது, என்னிடம் மட்டும் ஏன் மாட்டேன் என்கிறது? நான் அதை ஒருநாளும் கடிந்து பேசியதில்லை.

(அறுபத்தைந்து. சிமிட்டுகிறது.)

மகளிடம் என் அன்பைச் சொல்லுங்கள். நீங்கள் இருவரும் பொத்தானை அழுத்தியதும் விழிக்கிற இயந்திரங்களும், கூப்பிட்டதும் விழிக்கிற ஆரோக்கியமும், நடுவில் நின்றுபோகாத நாட்களுமாக நெடுங்காலம் வாழ வேண்டும் என்று வாழ்த்துகிறேன். உங்கள் பெற்றோருக்கு என் வணக்கம். உங்கள் அத்தைதான் கவரை ஒட்டித் தபாலில் சேர்க்கப் போகிறாள். அந்த வேலையில் அவளைவிடக் கெட்டிக்காரர் இல்லை.

இப்படிக்கு,
உட்கார முடியாமல் நிற்கும்
உங்கள் மாமா

பின்குறிப்பு:

மாப்பிள்ளை, இது அத்தை எழுதுறேன். கவரை ஒட்டக் கொடுத்தார், எடை போட்டுப் பார்த்தேன், இவ்வளவு கனமா என்று பிரித்தும் பார்த்துவிட்டேன். தபால் ஆபீஸில் இருந்த முப்பது வருஷத்தில் ஒருத்தர் கடிதத்தைக்கூடப் பிரித்ததில்லை, இதுதான் முதல் தடவை. சாதாரண எழுத்தர் என்று எழுதியிருப்பதையும் பார்த்தேன். அதை அப்புறம் பேசிக்கொள்கிறேன்.

கம்ப்யூட்டருக்கு ஒன்றும் இல்லை. நீங்கள் கொடுத்த அந்தக் குட்டி பென் டிரைவ்தான். அன்றைக்குத் துடைக்கும்போது அது துணியில் மாட்டுதே என்று பிடுங்கி வைத்துவிட்டுப் போட்டேன், வந்துவிட்டது. எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும் என்று அவர் சொல்வாரே, அதனால் அணைத்ததும் திரும்பச் செருகிவிட்டேன். மறுநாள் மறுபடி பிடுங்கிப் போட்டேன், வந்தது. செருகிப் போட்டேன், வரவில்லை. அறுபத்தைந்து சோதனையில் அவர் செய்யாதது இந்த ஒன்றுதான். நேற்று கடைக்கார அம்மாவிடம் கேட்டேன், அது செருகியிருந்தால் பெட்டி அதிலிருந்தே எழுந்திருக்கப் பார்த்து, அதில் ஒன்றும் இல்லாமல் முழித்துக்கொண்டு நிற்குமாம்.

ஏன் அவரிடம் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். தெரிந்த அன்றே சொல்லத்தான் வாயெடுத்தேன். அப்போதுதான் யோசித்தேன். இது அவர் எழுதின நாலாவது புத்தகம், மாப்பிள்ளை. உங்களுக்கு ஒன்றுதான் தெரியும். முதல் மூன்றும் பீரோவில் என் புடவைக்கு அடியில் இருக்கிறது, திருத்தம் திருத்தமாக. ஒவ்வொன்றிலும் ஒரு வார்த்தை பாக்கி. கம்ப்யூட்டர் நின்ற இந்த இருபத்து மூன்று நாளாகத்தான் இந்தப் புத்தகத்தில் அவர் கை படவில்லை. எழுதி முடித்த தபாலை அனுப்பாமல் வைத்துக்கொண்டிருப்பதைப் பார்க்க என்னால் முடியாது. போன வியாழக்கிழமை அவரை ஏரிக்கரைக்கு அனுப்பிவிட்டு, தொண்ணூற்றாறையும் பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டேன். நம்ம பொண்ணுதான் போனில் வழி சொன்னாள். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று நான்தான் சொன்னேன், உங்களுக்குப் பொய் சொல்ல வராது. அந்த ஆசிரியர் தம்பி போன் பண்ணி, ரொம்ப நன்றாக இருக்கிறது அம்மா, அச்சுக்கு எடுத்துக்கொண்டோம், பத்து நாளில் முடிந்துவிடும் என்றார். ஏழாவதில் டம்ளர் என்றுதான் இருந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பிள்ளைகளுக்கு எதில் தண்ணீர் எடுப்பது என்று தெரியும்.

கடைக்கார அம்மாவிடம் சனிக்கிழமை வர வேண்டாம் என்று நேற்றே சொல்லியாச்சு. நீங்கள் கண்டிப்பாக வாங்க, மகளையும் கூட்டிக்கொண்டு வாங்க. வந்து பெட்டியைத் திறந்து நன்றாக யோசிக்கிற மாதிரி பாருங்கள், தலையைச் சொறியுங்கள், உள்சூடாக இருக்கலாம் என்று சொல்லுங்கள். பென் டிரைவை மட்டும் பிடுங்கிவிடாதீர்கள். புத்தகம் கைக்கு வந்ததும் நானே பிடுங்கி அவர் கையில் கொடுக்கிறேன். பாவமாகத்தான் இருக்கிறது. நேற்று சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டார். அப்போது மட்டும் சொல்லிவிடலாமா என்று இரண்டு தடவை வாய் வரைக்கும் வந்தது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே உள்ளே இருந்து குரல் வருகிறது.

"கவரை ஒட்டிட்டியா? ரெண்டாம் பக்கத்துல ஒரு வார்த்தையை மாத்தணும்."

ஒட்டிட்டேன் என்று சொல்லிவிட்டேன். இப்போதுதான் ஒட்டுகிறேன்.